காணிக்கைக்கு முன்னே கடன்

“தசமபாகத்தை ஆண்டவருக்குக் கொடுக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பீர்கள்.” தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களில் இதைக் கேட்காதவர் அரிது. சொல்லும் விதம் மட்டும் மாறும்: வண்டி பழுதாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். எல்லாம் மல்கியா சொல்லும் பட்சிக்கிறவனின் வேலை. அவனை வீட்டுக்குள் விட்டவர் பத்தில் ஒன்றை எடுத்துவைக்காத குடும்பத் தலைவர். இந்த மிரட்டலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆசையும் காட்டப்படும். முதல் பத்தைக் கொடுத்துவிட்டால் மீதித் தொண்ணூறைத் தேவன் பெருக்குவார், கடன் தானாகக் கரையும், வேலையில் உயர்வு வரும்.

ஆகவே சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் சபைக்கு. வாடகை, பால் காசு, பள்ளிக் கட்டணம், கடன் தவணை எல்லாம் அதற்குப் பிறகு. ‘தேவனுக்கு முதலிடம்’ என்று நாம் சொல்வதற்குப் பண விஷயத்தில் இன்றிருக்கும் பொருள் அநேகமாக இவ்வளவுதான். இதைப் போதிப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; பெரும்பாலோர் நம்பித்தான் சொல்கிறார்கள், தாங்களும் கொடுக்கிறார்கள். ஆனாலும் போதனை தவறு. வேதாகமம் வைக்கும் வரிசையில் வேலையாளின் கூலியும், திருப்பித் தர வேண்டிய கடனும், வயதான பெற்றோரின் சாப்பாடும் காணிக்கைக்கு முன்னால் நிற்கின்றன. அவற்றைத் தாண்டிக்கொண்டு தட்டில் விழும் பத்து சதவீதம், அடுத்தவர் பணத்தை எடுத்துத் தேவனுக்குக் கொடுப்பதாகும்.

எதிர்வாதத்தில் வலுவானதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மிச்சமிருந்தால் கொடுக்கலாம் என்றிருப்பவர் கொடுப்பதே இல்லை. மாதக் கடைசியில் யாரிடமும் மிச்சம் இருப்பதில்லை. எடுத்துவைத்துவிட்டுச் செலவழி என்பது நல்ல பழக்கம்தான். உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்த பெண்களின் காணிக்கையில் எழும்பிய ஆலயங்கள் இந்நாட்டில் பல. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை இன்றும் ஊழியத்துக்குப் பெரிய ஆதாரம். ஆனால் அந்தப் பெண் தன் வீட்டு அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய படியை ஆலயத்தில் கொட்டிவிட்டு, அந்த வீட்டுக்காரியிடம் ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லவில்லை.

இனி மல்கியாவுக்கு வருவோம். தசமபாகங்களைப் பண்டகசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மூன்றாம் அதிகாரம் பத்தாம் வசனம் இல்லாமல் தசமபாகப் பிரசங்கம் இல்லை. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும், ஸ்டிக்கரிலும், காணிக்கைக் கவரிலும் அதை அச்சிடுகிறார்கள். அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை எந்தக் காணிக்கைக் கவரிலும் நான் பார்த்ததில்லை. அங்கே கர்த்தர் நியாயம் தீர்க்க வருகிறார்; யாருக்கு எதிராக என்று ஒரு பட்டியலே இருக்கிறது. சூனியக்காரர், விபசாரர், பொய்ச் சத்தியம் செய்பவர்; அவர்களோடு ஒரே வரிசையில் கூலியாளின் கூலியில் கைவைப்பவர், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர், பரதேசியின் நியாயத்தைக் கெடுப்பவர். தசமபாகம் இதற்கு மூன்று வசனம் தள்ளித்தான் வருகிறது. முதலில் கூலி, பிறகு தசமபாகம் என்று தீர்க்கதரிசி வைத்த வரிசையில் முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் அச்சிடுவதற்கு என்ன பெயர்?

நீதிமொழிகளிலும் இதே வெட்டு நடக்கிறது. மூன்றாம் அதிகாரம் ஒன்பதாம் வசனம், முதற்பலனால் கர்த்தரைக் கனம்பண்ணுவது பற்றியது; அது எல்லாருக்கும் மனப்பாடம். அதே பக்கத்தில் இருபத்தேழும் இருபத்தெட்டும் இருக்கின்றன. கொடுக்க வேண்டியவருக்குக் கொடுக்காமல் இருக்காதே. கையில் வைத்துக்கொண்டு அயலானிடம் நாளைக்கு வா என்று சொல்லாதே என்பது அவற்றின் கருத்து. மாதம் ஒன்றாம் தேதி கவரில் பணத்தை வைத்துவிட்டு, வீட்டுவேலை செய்யும் அக்காவிடம் ‘பத்தாம் தேதி வாங்கிக்கோங்க’ என்று சொல்பவர் நீதிமொழிகளின் ஒரே அதிகாரத்தில் ஒன்றைக் கைக்கொண்டு மற்றதை மீறுகிறார். உபாகமம் 24ஆம் அதிகாரப்படி கூலியாளின் கூலிக்குக் கெடு அன்றைய சூரிய அஸ்தமனம். தசமபாகமோ அறுவடையை ஒட்டி வருடக் கணக்கில் வருவது. எதற்கு அவசரம், எதற்கு அவகாசம் என்பதைச் சட்டத்தைக் கொடுத்தவரே சொல்லியிருக்கிறார்.

மல்கியா சொல்லும் பண்டகசாலை எது என்பதையும் பார்க்க வேண்டும். அது தேவாலயத்துத் தானியக் கிடங்கு. நிலப் பங்கு இல்லாத லேவியருக்கு அங்கிருந்துதான் சாப்பாடு. ஏறக்குறைய அதே காலத்துச் சூழலை நெகேமியா 13ஆம் அதிகாரம் காட்டுகிறது: பங்கு கிடைக்காத லேவியரும் பாடகரும் பிழைப்புக்காக வயலுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா தசமபாகத்தைத் திரும்ப வரச் செய்தார். வந்ததைப் பங்கிட உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்த நால்வரை நியமித்தார். அந்த நால்வர் நம் பிரசங்கங்களில் வருவதே இல்லை. ஊழியரே வாங்கி, ஊழியரே செலவழித்து, கணக்குக் கேட்டால் அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று பதில் சொல்லும் ஏற்பாட்டைப் பண்டகசாலை என்று அழைக்க நெகேமியா ஒப்பமாட்டார்.

உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் தசமபாகம் இன்னும் வேறு மாதிரி. கொடுப்பவரே தன் வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் அதைச் சாப்பிட வேண்டும். ஊர் தூரமென்றால் விற்றுப் பணமாக்கிக்கொண்டு போய், அங்கே மனசுக்குப் பிடித்ததை வாங்கி விருந்து வைத்து மகிழ வேண்டும். மூன்றாம் வருடத்துப் பங்கு சொந்த ஊரிலேயே வைக்கப்படும். லேவியரும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட. தெற்கத்திச் சபைகளின் அசனப் பண்டிகை, பந்தி போட்டு ஊருக்கே சோறு போடுவதால், காணிக்கைக் கவரைவிட இந்தத் தசமபாகத்துக்கு நெருக்கமானது. மேலும் லேவியராகமத்தின் கடைசி அதிகாரம் தசமபாகத்தை நிலத்தின் விளைச்சலுக்கும் ஆடுமாடுகளுக்கும்தான் விதிக்கிறது. நிலமில்லாத கூலியாளுக்குத் தசமபாகச் சட்டம் கிடையாது. அவர் அறுத்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் உரிமை பெற்றவர். வாங்குகிற இடத்தில் நின்றவர். இன்று நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணைக் கொடுக்கிற வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது நாம்.

இந்த விவாதத்தின் உயிர்நிலை இரண்டு விதவைகளின் கதைகளில் இருக்கிறது.

ஒருத்தி சாறிபாத் ஊர்க்காரி, 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம். பஞ்ச காலம், அவளிடம் ஒருபிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான் மிச்சம். எலியா முதலில் தனக்கு ஓர் அடை சுட்டுக்கொண்டு வரச் சொல்கிறார். அவள் கொடுக்கிறாள்; பானையில் மாவு குறையவில்லை. ‘முதலில் ஊழியருக்கு’ என்ற போதனைக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்காது. ஆண்டுக்கு நாலு தடவையாவது பிரசங்கிக்கப்படுகிறது.

மற்றவள் கதை 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில். அவளும் விதவை; தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் இருந்த ஒருவரின் மனைவி. இன்றைய பேச்சில் சொன்னால் ஓர் ஊழியக்காரக் குடும்பம். புருஷன் கடன் வைத்துவிட்டுச் செத்துப்போனார். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வந்து நிற்கிறான். அவள் எலிசாவிடம் ஓடுகிறாள். எலிசா அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அற்புதம் நடக்க முதலில் ஒரு விதை விதை என்று சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, அக்கம்பக்கத்தில் பாத்திரங்களை வாங்கிவரச் சொல்கிறார். எண்ணெய் பெருகுகிறது. பெருகிய பிறகாவது ஏதாவது கேட்டாரா? அவர் போட்ட கணக்கில் இரண்டே வரிதான்: எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். சுத்தமான அற்புதத்தில் கிடைத்த பணம். அதில் பத்தில் ஒன்று தீர்க்கதரிசிக்கு என்ற பேச்சு எழவே இல்லை. கடன்காரன் முதலில், குடும்பம் இரண்டாவது, வரிசை அதோடு முடிந்தது.

முந்தின கதையைச் சொல்லும் மேடைகளில் இந்தக் கதையும் வரும்; ஆனால் எண்ணெய் பெருகியதோடு நின்றுவிடும். ‘உங்கள் பாத்திரங்களைக் காலியாகக் கொண்டுவாருங்கள்’ என்று ஒரு உருக்கமான அழைப்பு, பாட்டு, ஜெபம். ஏழாம் வசனத்துக்குப் போவதற்குள் நேரம் முடிந்துவிடும். சாறிபாத்தின் கதை பஞ்சத்தில் ஒரு நாள் நடந்த, தேவன் முன்கூட்டியே சொல்லிவைத்த தனிச் சம்பவம். அங்கே அவளுக்குக் கடன்காரன் இருந்ததாக ஒரு சொல்லும் இல்லை. கடன் உள்ள வீட்டுக்கு என்ன வழி என்று கேட்டால் வேதாகமத்தில் நேரடியான கதை எலிசாவுடையது. கடனில் இருப்பவருக்குக் கடனில்லாதவளின் கதையைச் சொல்வது, நோயைப் பார்க்காமல் எழுதிய மருந்துச் சீட்டு.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். வெளியில் அஞ்சு வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய்க் கடன். மாதம் 2,500 ரூபாய் வட்டி மட்டும் போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. மாதம் 2,000 ரூபாய் தசமபாகமும் ஒழுங்காகப் போகிறது. இரண்டு வருடத்தில் வட்டியாகக் கட்டியது 60,000; சபைக்குக் கொடுத்தது 48,000; அசல் இன்னும் 50,000. அந்த 2,000 ரூபாய் மாதாமாதம் அசலுக்குப் போயிருந்தால் வட்டியும் கூடவே குறைந்து, வட்டியில் மிஞ்சியதும் அசலுக்கே போய், இரண்டு வருடம் முடியும் முன்பே கடன் தீர்ந்திருக்கும். அந்த வீட்டில் பட்சிக்கிறவன் யாரென்று கண்டுபிடிக்கத் தீர்க்கதரிசனம் தேவையில்லை; மாதாமாதம் பைக்கில் வந்து நிற்கிறான். 2003இல் தமிழ்நாடு அரசு அதிக வட்டி வசூலுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்த பிறகும் அவன் வருகிறான்.

மகளிர் குழுக் கடனில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி தவணை கட்டத் தவறினால் மற்றவர்கள் போட்டுக் கட்டியே ஆகவேண்டும். கட்டும்வரை கூட்டத்திலிருந்து எழுந்து போக முடியாத இடங்களும் உண்டு. முதல் பத்தைச் சபைக்குக் கொடுத்துவிட்டு அந்த வாரத் தவணைக்குக் கைவிரிக்கும் சகோதரியின் தசமபாகத்தை உண்மையில் கட்டியது யார்? அவளுக்காகப் பணம் போட்ட அயல்வீட்டுப் பெண்கள். அவர்களில் சிலர் அவளுடைய ஆண்டவரை அறியாதவர்கள். அறிந்துகொள்ளும் ஆசையும் அந்த வாரத்தோடு போயிருக்கும்.

காணிக்கைக்கு முன்னால் எது என்பதைப் பற்றி இயேசு பேசவே இல்லையென்றால் விவாதிக்கலாம். பேசியிருக்கிறார். மலைப் பிரசங்கத்தில், காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்துவிட்ட ஒருவருக்குச் சகோதரன் தன்மேல் குறையோடு இருப்பது அங்கே நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகச் சொல்கிறார். ‘முதலில்’ என்று இயேசு சொன்ன இடம் இது; அந்த முதலிடத்தில் நிற்பது சகோதரன், காணிக்கை காத்திருக்கிறது. மச்சானிடம் வாங்கிய கைமாற்றை மூன்று வருடமாக இழுத்தடிப்பவருக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்? மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கோபமே வந்துவிடுகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவ மதத் தலைவர்கள் வழிசெய்திருந்தார்கள். தேவனுக்குத்தானே போகிறது என்ற நியாயத்தை இயேசு ஏற்கவில்லை. தேவனுடைய கட்டளையைத் தேவனுடைய பெயராலேயே மீறுவதாகச் சொன்னார். அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் காசில்லை, ஆனால் தசமபாகம் தவறியதில்லை என்று சாட்சி சொல்பவரைக் கைதட்டி உற்சாகப்படுத்துகிற சபை அந்த அதிகாரத்தை எடுத்து வாசிக்கட்டும்.

இரண்டு காசு போட்ட ஏழை விதவை இருக்கிறாளே என்பார்கள். இருக்கிறாள், இயேசு அவளைப் பாராட்டவும் செய்கிறார். ஆனால் மாற்கு 12இல் அவளுக்கு நேர் முன்னால் விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர் வருகிறார்கள். அடுத்த அதிகாரத் தொடக்கத்தில் அந்த ஆலயமே கல்லின்மேல் கல்லில்லாமல் இடியும் என்கிறார். முன்னும் பின்னும் இப்படி நிற்கையில், அவளுடைய கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைச் சேர்த்தே அவர் பாராட்டினார் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

சாட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கடனிலும் கொடுத்தேன், ஆறே மாதத்தில் கர்த்தர் கடனை மாற்றினார்’ என்று மைக்கில் சொல்பவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கொடுத்தும் கடன் மாறாதவருக்கு மைக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அவர் அடுத்த தெருவில் வேறு சபைக்குப் போய்விடுகிறார், அல்லது தன் விசுவாசத்தில்தான் குறை என்று தன்னையே தின்றுகொண்டிருக்கிறார். ‘விதை விதைத்தல்’ என்ற பேச்சு நம் மண்ணில் முளைத்ததும் அல்ல. அமெரிக்க டெலிவிஷன் பிரசங்கியார் ஓரல் ராபர்ட்ஸ் 1970இல் புத்தகம் போட்டுப் பிரபலமாக்கியது. அதே மனிதர் 1987இல், 80 லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னை எடுத்துக்கொள்வார் என்று அறிவித்து வசூலித்தார். ஆதிச் சபையின் ‘டிடாக்கே’ என்ற சிறு நூலில், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று அடையாளம் கண்டுகொள்ள விதி இருக்கிறது. அந்தக் காலத்துச் சபைகள் வாங்கவே இல்லையா என்றால், வாங்கின. கி.பி. 150ஐ ஒட்டி ஜஸ்டினும் 197ஐ ஒட்டி தெர்த்துல்லியனும் தங்கள் எழுத்துகளில் சபைக் காணிக்கையை விவரிக்கிறார்கள்: விருப்பமுள்ளவர், முடிந்தவர், முடிந்த அளவு. அது போன இடம் திக்கற்றவர், விதவைகள், சிறையில் இருப்போர், அடக்கத்துக்கு வழியில்லாத ஏழைகள். கொடுக்காதவரைத் தண்டிக்கும் தசமபாக விதி மேற்கத்திய சபையில் வந்தது 585இல், மாக்கோன் சங்கத்தில். சபை தசமபாகச் சட்டம் இல்லாமல் ஐந்து நூற்றாண்டு நடந்தது. ரோமப் பேரரசையே வென்றது அந்தக் காலத்தில்தான்.

பத்து சதவீதம் என்ற இந்த அளவுகோல் ஏழையை அழுத்தும் அளவுக்குப் பணக்காரரைத் தப்பவும் விடுகிறது. ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் வருடம் 30 பவுண்டு வாங்கியபோது 28இல் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் 28இலேயே வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். தசமபாகக் கணக்குப்படி 6 பவுண்டோடு அவர் கடமை முடிந்திருக்கும். சகேயு இன்னும் மோசமான உதாரணம், அதாவது கணக்குப் போடுபவர்களுக்கு. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப. ஆலயத்துக்கு எவ்வளவு என்ற பேச்சே இல்லை. அந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்லிவிட்டார்.

பத்தைக் கொடுத்தவரிடம் தொண்ணூறைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் பெரிய புகார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரைப் போட்டி போட்டு ஆயிரக்கணக்கில் எடுப்பவரைச் சபை எழுந்து பார்க்கும். அவர் தன் தங்கைகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே’ என்பது நம் கிறிஸ்தவக் குடும்பங்களின் எழுதாத சட்டம். எழுதிய சட்டமாகவே ஒரு காலத்தில் இருந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், சில பிரிவினர் நீங்கலாக, உயில் இல்லாத சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதைத்தான் தந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது என்பதை நினைவில் கொள்க. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும், மகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்பளித்தது. கேரளத்துச் சபைத் தலைமைகளிலிருந்தே அதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயிடம் வந்து பங்கு கேட்கிறார்கள். மோசே கர்த்தரிடம் கேட்க, அவர்கள் கேட்பது சரி என்கிறார் கர்த்தர். அவருக்கு முதலிடம் கொடுப்பதாகச் சொல்பவர் அவர் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் வந்துதான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தங்கையின் பங்கு கலந்த வருமானத்தில் எடுத்த தசமபாகம் யாருடைய தசமபாகம்?

வட்டிக்குவிடும் விசுவாசிகளைப் பற்றியும் இதே மௌனம். நெகேமியாவை மறுபடி இழுக்கிறேன், அவர் என் கட்சிக்காரர். தசமபாகத்தைத் திருத்திய அந்தப் 13ஆம் அதிகாரத்துக்கு வெகு முன்னால், ஐந்தாம் அதிகாரத்தில், ஜனங்கள் வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக்கி அழுதுகொண்டு வருகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் சொந்த ஜாதிக்காரரான பிரபுக்கள். நெகேமியா சபையைக் கூட்டி, வயலையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்து, ஆணையிடவும் வைக்கிறார். தானும் பன்னிரண்டு வருடம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. ஐந்தாம் அதிகாரத்தைச் செய்துவிட்டு வந்ததால் அவருக்குப் பதின்மூன்றாம் அதிகாரத்தில் தசமபாகம் கேட்க வாய் இருந்தது.

இப்படியெல்லாம் எழுதினால் ஜனங்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், ஊழியம் எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். ஊழியக்காரர் பிழைக்க வேண்டும். அவர் பிள்ளைகளும் படிக்க வேண்டும். கடனில்லாதவர்கள், வருமானம் உள்ளவர்கள், பத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கொடுத்தால் நடக்கும். நம் வரலாற்றில் அப்படித்தான் நடந்தது. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் 1830இல் தர்ம சங்கம் தொடங்கியது, விசுவாசத்தினிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த. சபையின் பணம் சபையாரின் காலடியில் நிலமாக மாறியது. 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தை அசரியா முன்நின்று தொடங்கியபோது வெளிநாட்டுப் பணத்தை நம்பவில்லை. பின்னாளில் தோர்ணக்கல்லில் பேராயராக, நிலமற்ற ஏழை விசுவாசிகளுக்கும் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். அதை என் வாதத்துக்கு எதிராக எடுத்துக்காட்டலாம். ஆனால் தங்களுக்கும் கொடுக்கும் தகுதி உண்டு என்று அவர்களை நிமிரவைத்த கொடுத்தலும், கொடுக்காவிட்டால் ஆஸ்பத்திரி என்று பயமுறுத்தி வாங்குவதும் ஒன்றல்ல. பவுலும் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தார். ஒருவரை இலகுவாக்க இன்னொருவரை நெருக்குவது நோக்கமல்ல என்று கொரிந்தியருக்குத் தெளிவாக எழுதினார். சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களோடு பணத்தை அனுப்பினார், யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று. பிலேமோனுக்கு எழுதும்போது அவருடைய அடிமை ஒநேசிமு பட்ட கடன் இருந்தால் தன் கணக்கில் எழுதச் சொல்லி, தானே தீர்ப்பதாகத் தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். ஊழியக்காரர் விசுவாசியின் கடனுக்கு ஜாமீன் நின்ற கடிதம் புதிய ஏற்பாட்டில் ஒரு புத்தகமாகவே இருக்கிறது.

பணத்தில் விசுவாசத்தை முதலில் வைத்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஜெர்மனிக்கும் ராஞ்சிக்கும் போகலாம். ரைஃபைசன் என்ற புராட்டஸ்டண்ட் கிராம மேயர், 1846-47 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டிச் சங்கம் தொடங்கி, பிறகு வட்டிக்காரரிடமிருந்து விவசாயிகளை மீட்கக் கடன் சங்கங்களை அமைத்தார். அயலானை நேசிப்பதுதான் அதன் அடிப்படை என்று சொன்னார். மதராஸ் மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் அந்தச் சங்கங்களை ஆராய்ந்து 1890களில் கொடுத்த அறிக்கை, 1904இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிவைத்தது. ராஞ்சியில் யோவான் ஹாஃப்மன் என்ற இயேசு சபைக் குரு, முண்டா பழங்குடியினரின் நிலம் வட்டிக்காரருக்குப் போவதைக் கண்டு, 1909இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். நெல்லைச் சேர்த்துக் கடன் கொடுக்கும் கிடங்குகளையும் ஏற்படுத்தினார். நம் ஊர்த் தெருவில் நகைக்கடன் கொடுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வம்சாவளியில் ஒரு விசுவாசியின் ஜெபமும் கணக்கும் இருக்கின்றன.

இருநூறு குடும்பம் உள்ள ஒரு சபையில் அஞ்சு வட்டியில் மாட்டியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாஸ்டருக்கும் கமிட்டிக்கும் தெரியாமல் இருக்காது. அவர்களுடைய கவரை இரண்டு வருடம் வாங்கவேண்டாம். ஏலத்தில் வரும் பணத்தை ஒரு வருடம் அவர்கள் அசலை அடைக்க வட்டியில்லாமல் கொடுத்து, தவணையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கணக்கைப் பார்க்க நெகேமியா தேடியதுபோல் நாலு பேரைத் தேடலாம். ஆண்டறிக்கையின் வரவுப் பக்கத்தில் தசமபாகம் என்று ஒரு தலைப்பு இருக்கும்போது, செலவுப் பக்கத்தில் சபையாரின் கடன் மீட்பு என்று ஒரு தலைப்பு ஏன் இல்லை என்பதைச் சபைப் பொதுக்கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்கட்டும்.